ஸ்னோஷூ போட்டு மலைப்பனியில் நடக்க: சியாட்டில் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் என்று இந்தப் பக்கம் வேலைக்கு வந்து முதல் குளிர்காலத்தைப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது, "ஸ்னோஷூ கத்துக்க எத்தனை நாள் ஆகும்?" ஸ்னோஷூ என்பது பனியில் கால் புதையாமல் நடக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் அகலத் தட்டு. கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். நடக்கத் தெரிந்தால் போதும். சிரமமெல்லாம் அதற்கு முன்னால்தான் இருக்கிறது. எந்தப் பார்க்கிங்குக்கு எந்த பர்மிட், காரில் சங்கிலி இருக்கிறதா, கேட் எப்போது திறக்கும், இன்றைக்கு அந்தச் சரிவின் கீழே நடக்கலாமா. இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் அலைய வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

டாலர் கணக்குகள் பருவத்துக்குப் பருவம் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. வாங்கும் முன் அன்றைய விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் இடம்

முதல் தடவைக்கு இரண்டே இடங்களைச் சொல்வேன்.

ஒன்று, ஸ்னோக்வால்மி கணவாய்க்குச் சற்றே கிழக்கில் இருக்கும் கோல்ட் கிரீக் குளம். ஐ-90 நெடுஞ்சாலையில் 54ஆம் எக்ஸிட். சியாட்டிலிலிருந்து சாலை நன்றாக இருந்தால் ஒரு மணி நேரம். பெரும்பாலும் சமதளம். குளத்தைச் சுற்றிவிட்டு வர, போக வர மூன்று நான்கு மைலுக்குள் முடிந்துவிடும். குளம் உறைந்திருப்பதாகத் தெரிந்தாலும் அதன்மேல் நடக்க வேண்டாம். குளத்தைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் தொடர்ந்து போகவும் வேண்டாம். இரண்டு பக்க மலைகளிலிருந்தும் பனி சரிந்து வந்து விழும் இடம் அது. கீழே நடக்கும் நமக்குத் தரை சமமாகத் தெரியும், அபாயம் தலைக்கு மேலே இருக்கும்.

இரண்டு, ரெய்னியர் மலையின் பாரடைஸ். 5,400 அடி உயரம். ஆண்டுக்குச் சராசரியாக 640 அங்குலம், அதாவது 16 மீட்டர் பனி விழும் இடம். 1971-72 குளிர்காலத்தில் 1,122 அங்குலம் விழுந்தது. பிப்ரவரி, மார்ச்சில் போனால் கட்டடங்களின் முதல் மாடி ஜன்னல்வரை பனி ஏறி நிற்கும். சியாட்டிலிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம். புதியவர்கள் அங்கே நிஸ்குவாலி விஸ்டா என்ற சின்னச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரு மைலுக்குச் சற்று மேல். வானம் தெளிவாக இருந்தால் பனியாறு கண்முன்னே தெரியும். எல்லாரும் படம் எடுத்துப் போடும் பனோரமா பாயிண்ட் செங்குத்தானது, பனி சரியக்கூடியது. முதல் ஆண்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கோடையில் ஏறிய பாதைதானே என்று குளிர்காலத்தில் அதே பாதையை எடுப்பவர்கள் நிறைய. கோடைப்பாதைகள் பனிச்சரிவை யோசித்துப் போட்டவை இல்லை. கிரானைட் மலையின் கோடைப்பாதை, பனி சரிந்து விழும் ஓடை ஒன்றைக் குறுக்காகக் கடக்கிறது. ஸ்னோ லேக் பாதையிலும் இதே கதை. ஆகஸ்டில் குழந்தைகளோடு போன இடம் என்பதெல்லாம் ஜனவரியில் செல்லாது.

2. பர்மிட்: நான்கு சீட்டு, மூன்று முதலாளி

எல்லாரும் குழம்புவது இங்கேதான். சில பாதைகளுக்கு மாநிலத்தின் டிஸ்கவர் பாஸ், சிலவற்றுக்கு வனத்துறையின் நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ், தேசியப் பூங்காவுக்கு இன்னொன்று என்று கோடையிலேயே பழகியிருப்பீர்கள். குளிர்காலத்தில் நான்காவதாக ஒன்று சேர்கிறது: ஸ்னோ-பார்க் பர்மிட். பனியை வழித்து வண்டி நிறுத்த இடம் செய்து கொடுப்பதற்கான கட்டணம் அது. நவம்பர் முதல் ஏப்ரல் முடியும்வரை ஸ்னோ-பார்க் பலகை வைத்த இடத்தில் நிறுத்த இதுதான் வேண்டும். டிஸ்கவர் பாஸையோ ஃபாரஸ்ட் பாஸையோ கண்ணாடியில் தொங்கவிட்டால் செல்லாது. ஒரு கடையில் எனக்கு ஸ்னோஷூ வாடகைக்குக் கொடுத்த பையன், ஃபாரஸ்ட் பாஸ் இருந்தால் போதும் என்று அடித்துச் சொன்னான். பார்க்கிங்கில் இருந்த பலகை வேறு சொன்னது. கடைக்காரர் பேச்சை விட்டுவிட்டுப் பலகையைப் படியுங்கள்.

கோல்ட் கிரீக்குக்கு ஸ்னோ-பார்க் பர்மிட் கட்டாயம். ஒரு நாளுக்கு 25 டாலர், பருவம் முழுவதற்கும் 50 டாலர். இரண்டாம் தடவை போகும் எண்ணம் துளி இருந்தாலும் பருவச் சீட்டையே வாங்கிவிடுங்கள். அதை ஆன்லைனில் எடுத்தால் தபாலில் வரும், ஆகவே வெள்ளிக்கிழமை இரவு வாங்கிச் சனிக்கிழமை கிளம்ப முடியாது. ஒரு நாள் சீட்டை வீட்டிலேயே அச்சடித்து டாஷ்போர்டில் வைக்கலாம். போனில் காட்டுகிறேன் என்பதெல்லாம் நடக்காது, சோதிக்க வருகிறவர் வரும்போது நீங்கள் மலையில் இருப்பீர்கள். பிரிண்டர் இல்லாத வீடு என்றால் அலுவலகத்திலோ நூலகத்திலோ முந்தைய நாளே அச்சடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இந்த பர்மிட் ஆளுக்கில்லை, வண்டிக்கு. ஒரே காரில் ஐந்து பேர் போனாலும் ஒன்றுதான்.

அதே 54ஆம் எக்ஸிட்டில் தெற்குப் பக்கம் ஹயாக் ஸ்னோ-பார்க் இருக்கிறது. குழந்தைகள் சறுக்கி விளையாடும் மேடு அங்கேதான். ஆனால் அங்கே இயந்திரம் வைத்துச் சமன்படுத்திய தடங்கள் இருப்பதால், பருவச் சீட்டு வைத்திருப்பவர்கள் அதற்கான தனி ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும், 70 டாலர். கோல்ட் கிரீக்குக்குப் போகிறவர் அதை வாங்கத் தேவையில்லை. வடக்கா தெற்கா என்று பார்த்துத் திரும்புங்கள், இரண்டுக்கும் எக்ஸிட் ஒன்றே.

பாரடைஸுக்கு ஸ்னோ-பார்க் சீட்டு வேண்டாம், தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் வேண்டும். கார் ஒன்றுக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ஆண்டுப் பாஸ் வைத்திருந்தால் பாஸில் கையெழுத்துப் போட்டவரே வண்டியில் இருக்க வேண்டும், படத்தோடு கூடிய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். நண்பர் பாஸைக் கடன் வாங்கிக்கொண்டு போனால் வாசலில் சங்கடம். இந்தப் பூங்காவில் 2023 முதல் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு எடுத்துப் போங்கள்.

3. கார், சங்கிலி, கேட்

நவம்பர் 1 முதல் மே 1 வரை ரெய்னியர் பூங்காவுக்குள் போகும் எல்லா வண்டியிலும் டயர் சங்கிலி இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் சரி, வானம் நீலமாக இருந்தாலும் சரி. டிக்கியில் இருந்தால் போதும், மாட்டச் சொன்னால்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் போகச் சொல்வார்கள். மூன்று கார்களில் கூட்டமாகப் போய், ஒரு காரில் மட்டும் சங்கிலி இல்லாமல், பூங்காவுக்குள் பாரடைஸ் போகும் வழியில் இருக்கும் லாங்மைரில் எல்லாரும் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சங்கிலி வாங்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சில கார்களில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடைவெளி குறைவு, அவற்றுக்கு மெல்லிய வகைதான் சேரும். சில கார்களில் குறிப்பிட்ட டயர் அளவுக்குச் சங்கிலியே கூடாது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்சக்கர இழுவை வண்டியென்றால் முன்சக்கரங்களில் மாட்டுவது, மற்றவற்றுக்குக் கையேடு சொல்வதுதான். மாட்டியபின் 30 மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள்.

வாங்கி வந்ததும் வீட்டு வாசலிலேயே, உலர்ந்த தரையில், பகலில் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், சேற்றுப்பனியில் முட்டி போட்டுக்கொண்டு, விரல் மரத்துப்போன நிலையில், உள்பக்கக் கொக்கியைத் தேடுவது கற்றுக்கொள்ளும் இடமில்லை. டிக்கியில் ஒரு பழைய யோகா பாய், தலையில் மாட்டும் விளக்கு, ரப்பர் கையுறை போட்டு வையுங்கள். பாய் முட்டிக்கு.

வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல வாடகை ஒப்பந்தங்கள் சங்கிலி மாட்டக் கூடாது என்கின்றன. மாட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கை கொடுக்காது. எடுக்கும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாரடைஸ் சாலையின் கேட் லாங்மைரில் இருக்கிறது. குளிர்காலத்தில் இரவில் பூட்டிவிடுவார்கள். காலையில் பனியை வழித்து முடித்தபின் திறப்பார்கள், சில நாள் 9 மணி, சில நாள் 11 மணி, புயல் நாளில் திறக்கவே மாட்டார்கள். அண்மைக் குளிர்காலங்களில் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே திறந்தார்கள். கிளம்பும் காலையில் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மாலை 5 மணி வாக்கில் பூட்டும் கேட்டுக்கு முன்பே இறங்கியாக வேண்டும். கேட் அப்புறம் உங்களுக்காகக் காத்திருக்காது. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது, வழியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஸ்னோக்வால்மி பக்கம் போகிறவர்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கணவாய் நிலவரத்தைப் பாருங்கள். மலையில் தங்கியிருக்கும் பனியை அவர்களே வெடி வைத்துச் சரிக்கும் நேரத்தில் ஐ-90ஐ மூடிவிடுவது உண்டு.

4. முந்தைய மாலை 6 மணிக்குப் பார்க்க வேண்டியது

நார்த்வெஸ்ட் அவலாஞ்ச் சென்டர் என்ற அமைப்பு குளிர்காலத்தில் தினமும் மாலை 6 மணி வாக்கில் மறுநாளுக்கான பனிச்சரிவு முன்னறிவிப்பை வெளியிடுகிறது. இலவசம். வட்டாரம் வட்டாரமாகப் பிரித்திருப்பார்கள். கோல்ட் கிரீக்குக்கு 'ஸ்னோக்வால்மி பாஸ்', பாரடைஸுக்கு 'வெஸ்ட் ஸ்லோப்ஸ் சவுத்'. அபாயம் ஐந்து நிலைகள், பச்சையிலிருந்து கறுப்புவரை.

ஐந்தில் மூன்று என்றதும் ஏதோ நடுத்தரம், பாஸ் மார்க் என்று நம் மனம் சொல்லும். அந்தக் கணக்கு இங்கே வேண்டாம். உயிரிழப்புகள் அதிகம் நடப்பது அந்த மூன்றாம் நிலையில்தான். நான்கு, ஐந்தில் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்றில் துணிந்து போகிறார்கள். என் வழக்கம்: ஒன்று, இரண்டு என்றால் மேலே சொன்ன எளிய இடங்கள். மூன்று என்றால் மேலே சரிவே இல்லாத சமதளம் மட்டும். அதற்கு மேல் என்றால் வீட்டில் பஜ்ஜி.

பனி சரிவது பெரும்பாலும் 30 முதல் 45 பாகைவரை சாய்வுள்ள இடங்களில். கண்ணால் பார்த்து இது 25, இது 35 என்று சொல்ல யாராலும் எளிதில் முடியாது. கால்டோப்போ போன்ற வரைபடங்களில் சாய்வை நிறம் போட்டுக் காட்டும் வசதி உண்டு. உங்கள் பாதையை அதில் வைத்துப் பாருங்கள். பாதை நிறமில்லாத இடத்தில் போனால் மட்டும் போதாது, பாதைக்கு மேலே மஞ்சளும் சிவப்பும் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உயிர் போன விபத்துகளில் பத்தில் ஒன்பதில் பனியைச் சரிய வைத்தது அந்தக் குழுவில் ஒருவரின் எடைதான்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரை மணி தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். வெளியிலிருந்து உதவி வர அதைவிட நேரமாகும். அதனால்தான் சரிவுள்ள இடங்களுக்குப் போகிறவர்கள் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னல் வழியாகக் காட்டும் கருவி), குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, மண்வாரி மூன்றையும் ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். மூன்றும் சேர்த்து 300 முதல் 450 டாலர் ஆகும். நான் சொன்ன இரண்டு எளிய இடங்களுக்கு இவை தேவைப்படாது. வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் செங்குத்தான இடத்துக்குப் போகவும் கூடாது. கருவி பழகப் பயிற்சி வேண்டும். அதே சென்டர் நடத்தும் ஒன்றிரண்டு மணி நேர இலவச அறிமுக வகுப்பில் தொடங்குங்கள். மூன்று நாள் முதல்நிலைப் பயிற்சிக்குச் சில நூறு டாலர் ஆகும்.

வானிலை அறிக்கையில் 'ஸ்னோ லெவல்' என்ற எண்ணையும் பாருங்கள். எந்த உயரத்துக்கு மேல் பனியாக விழும் என்பது அது. ஸ்னோக்வால்மி கணவாய் 3,000 அடிதான். ஸ்னோ லெவல் 4,500 என்று போட்டிருந்தால் அங்கே மழைதான் பெய்யும். பனியில் மழை விழுந்தால் நடையும் கெடும், சரிவும் தளரும்.

5. ஸ்னோஷூ: வாங்காதீர்கள், இப்போதைக்கு

முதல் இரண்டு மூன்று தடவை வாடகைக்கு எடுங்கள். நாளுக்கு 20 முதல் 30 டாலர், கோலும் சேர்த்துக் கேளுங்கள். சியாட்டிலில் ஆர்இஐ என்ற மலையேற்றச் சாமான் கடையிலும், பாரடைஸ் போகும் வழியில் ஆஷ்ஃபர்டிலும், பூங்காவுக்குள் லாங்மைரிலும் கிடைக்கும். நீண்ட வாரஇறுதி என்றால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

அளவு எடுப்பது காலணி எண்ணை வைத்து இல்லை, எடையை வைத்து. உங்கள் எடையோடு பை, கனமான உடை எல்லாம் சேர்ந்த எடை. 22 அங்குல ஸ்னோஷூ பொதுவாக 180 பவுண்டு வரை தாங்கும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 30 அங்குலம் எடுத்தால் காலை அகட்டி அகட்டி நடந்து இடுப்பு கழன்றுவிடும்.

கடையிலேயே, நீங்கள் அணியப்போகும் பூட்ஸோடு மாட்டிப் பாருங்கள். ரப்பர் வாரில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள், அடியில் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா என்றும் தடவிப் பாருங்கள். ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த ஜோடியில் குதிகால் வார் பாதி வழியில் அறுந்தது. திருப்பிக் கொடுக்கும்போது அதற்கும் என்னிடமே காசு கேட்டார்கள். அதிலிருந்து கடையை விட்டு வெளியே வருமுன் போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன். கூடவே இரண்டு மூன்று ஜிப் டை பையில் இருந்தால் அறுந்த வாரைக் கட்டி வீடு வந்து சேரலாம்.

6. உடை: குளிரைவிட ஈரம் மோசம்

மினசோட்டாவிலிருந்து மாறி வந்தவர்கள், "இதெல்லாம் ஒரு குளிரா" என்பார்கள். கேஸ்கேட் மலையில் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலையை ஒட்டியே நிற்கும். பனி ஈரமாக, கனமாக விழும். ஆடை நனையும், நனைந்தது உலராது, நின்ற நொடியில் நடுக்கம் வரும்.

ஆகவே பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம், பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். உடலை ஒட்டிப் பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் நீர் புகாத மேலுறை. கீழேயும் மழைக்கால்சட்டை போதும், பனிச்சறுக்கு பேன்ட் வாங்க ஓடாதீர்கள். நீர் புகாத பூட்ஸ், அதற்கும் முழங்காலுக்கும் நடுவே கெய்ட்டர், அதாவது பூட்ஸுக்குள் பனி புகாமல் காக்கும் கால் உறை. கையுறை இரண்டு ஜோடி, ஒன்று நிச்சயம் நனையும்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பார்க்கிங்கிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து, உள்ளிருந்தே நனைந்துபோவீர்கள். இது நம்மவர்களிடம் சொல்லி எடுபடாத ஒன்று. வீட்டிலிருந்தே கோட்டும் மஃப்ளருமாக இறங்குவோம்.

கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் குளிர்காலத்திலும் வேண்டும். வெயில் கீழிருந்தும் அடிக்கும் என்பதால் மூக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் தடவுங்கள்.

7. பை

தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாகச் செருகி வையுங்கள், பனிக்கட்டி மேற்பரப்பில் பிடிப்பதால் மூடி உறையாது. உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பையைக் கொண்டுபோகாதீர்கள், குழாய்தான் முதலில் உறையும். சாப்பாட்டில் புளியோதரை விறைத்துவிடும், கடலை மிட்டாய் பல்லை உடைக்கும். சப்பாத்திக்குள் எதையாவது சுருட்டி, உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வைத்துக்கொள்வதுதான் வழி. ஃப்ளாஸ்கில் ரசம் கொண்டுபோய்ப் பாருங்கள், காபியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தலைவிளக்கு, தீப்பெட்டி, முதலுதவி, கூடுதலாக ஓர் உலர்ந்த மேலாடை, உட்கார ஒரு நுரைத் துண்டு. போன் குளிரில் சட்டென்று அணைந்துவிடும், அதையும் பவர்பேங்கையும் உள்பையில் வையுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், பாரடைஸில் சிக்னலை நம்ப முடியாது. ஐபோன் 14 முதல் வந்தவற்றில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. அதை எப்படி இயக்குவது என்று வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்.

ஆவணம் என்று பார்த்தால் ஓட்டுநர் உரிமம், கார் காப்பீடு, மருத்துவக் காப்பீட்டு அட்டை. இந்த மாநிலத்தில் தேசியப் பூங்காக்களுக்கு வெளியே தேடி மீட்பதற்கு ஷெரிஃப்தான் பொறுப்பு. தன்னார்வலர்கள் வருவார்கள், பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆம்புலன்ஸுக்கும், தனியார் ஹெலிகாப்டருக்கும் பில் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு எடுத்த பயணக் காப்பீட்டில் மலை நடை, பனி விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள்.

8. நேரம்

டிசம்பரில் மாலை 4:20க்கே சூரியன் மறைந்துவிடும். மரங்களுக்கு நடுவே 4 மணிக்கே இருட்டு. புதுப் பனியில் மணிக்கு ஒரு மைல் போனால் நல்ல வேகம், கோடை நடையில் பாதி. ஆகவே தூரத்தை வைத்துத் திட்டமிடாமல் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று கிளம்பும்போதே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், இதோ அந்த வளைவு மட்டும் என்று ஒருவர் இழுத்துக்கொண்டே போவார்.

சனிக்கிழமை கோல்ட் கிரீக்கில் காலை 8 மணிக்கு மேல் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். சாலையோரம் நிறுத்தினால் இழுத்துப் போய்விடுவார்கள். வார நாளில் ஒரு விடுப்பு எடுக்க முடிந்தால் அதுவே மேல். மாதம் என்று கேட்டால் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும். பனி நன்றாகக் கட்டியிருக்கும், பகலும் நீண்டிருக்கும். நவம்பரில் புதரும் பாறையும் பாதி மூடியிருக்கும், ஸ்னோஷூவும் கிழியும் காலும் மடங்கும்.

எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் கூப்பிடுவோம், கூப்பிடாவிட்டால் 911க்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். வாட்ஸாப் குழுவில் போட்டால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். ஒருவர் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

9. மாட்டுவதும் நடப்பதும்

பாதத்தின் பந்துப்பகுதி (விரல்களுக்குச் சற்றுப் பின்னால் அடியில் தடித்திருக்கும் இடம்), ஸ்னோஷூ மடங்கும் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். முன்வார்களை முதலில் இறுக்கி, குதிகால் வாரைக் கடைசியில். குதிகால் தூக்கினால் எழ வேண்டும், அதைக் கட்டிப் போடுவதில்லை. கொக்கிகள் வெளிப்பக்கம் பார்க்க இருந்தால் இடது வலது சரி. கால் மைல் நடந்ததும் நின்று மறுபடி இறுக்குங்கள், எல்லார் வாரும் அதற்குள் தளர்ந்திருக்கும்.

ஏறும்போது நுனியால் உதைத்துப் படி செய்து ஏறுங்கள். குதிகாலுக்குக் கீழே மடித்து எழுப்பும் கம்பி இருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள், கெண்டைக்கால் வாழ்த்தும். இறங்கும்போது முட்டியை மடித்து, எடையைக் கொஞ்சம் பின்னால் வையுங்கள். சரிவைக் குறுக்காக வெட்டி நடப்பதுதான் கஷ்டம், ஸ்னோஷூ பக்கவாட்டில் வழுக்கும். பின்னால் நடக்கவே முடியாது, வால் குத்தி மல்லாந்துவிடுவோம். வட்டமடித்துத் திரும்புங்கள். விழுந்தால் கோல்கள் இரண்டையும் பெருக்கல் குறியாகப் பனிமேல் படுக்க வைத்து, நடுவில் கை ஊன்றி எழுங்கள். வெறும் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும்.

கிளைகள் தரையைத் தொடும் ஊசியிலை மரங்களை நெருங்காதீர்கள். அடிமரத்தைச் சுற்றிப் பனி கட்டாமல் வெற்றுக் குழி இருக்கும், மேலே லேசாக மூடியிருக்கும். தலைகீழாக உள்ளே போனவர் தானாக வெளியே வருவது அரிது. அதேபோல முன்னால் போனவரின் தடத்தைப் பாதை என்று நம்பிவிடாதீர்கள். அவர் வழி தவறியவராகவும் இருக்கலாம். பாரடைஸில் மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, பத்தடி முன்னால் மேடா பள்ளமா தெரியாது. மேகம் இறங்கத் தொடங்கும்போதே திரும்புங்கள்.

பனிச்சறுக்குக்காரர்கள் போட்ட இரட்டைக்கோட்டின் மேல் நடக்க வேண்டாம், பக்கத்தில் தனித்தடம் போடுங்கள். அதைக் குலைத்தால் திட்டு விழும், திட்டுவதில் நியாயமும் உண்டு.

10. ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால்

குளிர்கால வாரஇறுதிகளில் பாரடைஸில் ரேஞ்சரே கூட்டிக்கொண்டு போகும் ஸ்னோஷூ நடை உண்டு. அந்தப் பருவத்துக்கான அறிவிப்பு பூங்காவின் இணையதளத்தில் வரும். ஸ்னோஷூவும் அவர்களே கொடுப்பார்கள், நன்கொடையாகச் சில டாலர் போடலாம். முன்பதிவு கிடையாது, ஒரு மணி நேரம் முன்னால் போய் ஜாக்சன் விசிட்டர் சென்டரில் பெயர் கொடுக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே சேர்ப்பதில்லை. இரண்டு மணி நேரம், இரண்டு மைலுக்குள். ஆங்கிலம் பாதி புரிந்தாலும் பனியைக் காட்டிக்காட்டிப் பேசுவதால் ஒப்பேறிவிடும். முட்டி வலி உள்ளவர்கள் சென்டருக்குள்ளேயே சூடாக உட்கார்ந்து ஜன்னல் வழியே மலையைப் பார்க்கலாம்.

11. வீடு திரும்பியபின்

மாட்டிய சங்கிலியை அன்றிரவே வெந்நீரில் அலசி உலர்த்துங்கள், சாலையில் தூவும் உப்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். வாடகைப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை ரசீதில் பாருங்கள். கணவாய் மூடி நேரமாகிவிட்டால் வழியிலிருந்தே கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் அடுத்த நாள் கட்டணம் போட மாட்டார்கள். பருவம் முடியும்வரை சங்கிலியைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை என்றால், ரசீதைத் தேடி எடுங்கள். பயன்படுத்தாத சங்கிலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுப் பணமும் கொடுக்கும் டயர் கடைகள் இங்கே உண்டு. வாங்கும்போதே அதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.